பிரகடனத்திற்கு முன்னர்

நான் வரலாறு கற்பிக்கும் ஒரு கிராமத்து ஆசிரியன். திகதிகளை மனனம் செய்யச் சொல்வது என் தொழில். எனினும் 2011 ஜூலை 20 என்ற திகதியைச் சொல்லும்போது மனம் உறுத்துகிறது. அன்றுதான் சோமாலியாவின் தென் பக்கூலிலும் கீழ் ஷபெல்லேயிலும் பஞ்சம் நிலவுவதாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது.

அடுத்த மாதம் றமழான். ஜும்ஆவுக்குப் பின் எங்கள் பள்ளிவாசலில் சோமாலிய மக்களுக்காக நிதி சேர்த்தார்கள். நானும் கொடுத்தேன். உரிய வேளையில் உதவிவிட்டோம் என்ற திருப்தியோடு வீடு வந்தேன்.

2013இல் வெளியான ஆய்வு அந்தத் திருப்தியைப் பறித்தது. 2010 ஒக்டோபர் முதல் 2012 ஏப்ரல் வரை மடிந்தோர் ஏறத்தாழ 258,000 பேர். அவர்களுள் அரைவாசிக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பிரகடனம் வருமுன்னரே ஏறக்குறைய அரைவாசிப் பேர் அடக்கப்பட்டுவிட்டனர்.

எச்சரிக்கை இல்லாமலில்லை. 1984 எத்தியோப்பியப் பஞ்சத்தின் பின் அமெரிக்க நிதியில் உருவான பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பு 2010இன் பிற்பகுதியிலேயே எச்சரித்தது. மழை இருமுறை பொய்த்தது. தானிய விலை ஏறியது. பணம் வரவில்லை. அல்-ஷபாப் நிவாரண அமைப்புகள் பலவற்றைத் தடுத்தது. உலக உணவுத் திட்டம் 2010 ஜனவரியில் தெற்கின் பெரும்பகுதியிலிருந்து விலகியது. மறுபுறம், பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் அகப்படுவோம் என்ற அச்சத்தால் அமெரிக்க உதவி சுருங்கியது. நடுவில் நசுங்கியவர்கள் ஏழைக் குடியானவர்கள்.

'பஞ்சம்' என்ற சொல்லுக்கும் அளவுகோல் உண்டு. ஐந்தில் ஒரு குடும்பம் உணவின்றித் தவிக்க வேண்டும். பிள்ளைகளில் நூற்றுக்கு முப்பது பேருக்கு மேல் கடும் போசாக்கின்மைக்கு ஆளாக வேண்டும். பத்தாயிரம் பேரில் நாளொன்றுக்கு இருவராவது இறக்க வேண்டும். ஜனாஸாக்களை எண்ணிய பின்னரே அச்சொல்லை உச்சரிக்கலாம். உலகின் பணம் அச்சொல்லுக்காகக் காத்திருந்தது. சொல் வந்தபின் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு மட்டுமே ஓகஸ்ட் 17இல் இஸ்தான்புல்லில் 350 மில்லியன் டொலர் வாக்களித்தது.

"மழ பெய்யாதப்பவே குடுத்திருக்கலாமே சேர்?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்.

கொடுத்திருக்கலாம். 2017இல் சோமாலியாவில் மீண்டும் வரட்சி வந்தபோது நன்கொடை நாடுகள் ஆண்டின் தொடக்கத்திலேயே கொடுத்தன, பஞ்சம் தவிர்க்கப்பட்டது. ஆனால் 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, அந்த முன்னெச்சரிக்கை வலையமைப்பின் இணையத்தளமே மாதக்கணக்கில் மூடிக்கிடந்தது.

அந்த மாணவனின் கேள்வியைத் திகதிக்குக் கீழே கரும்பலகையில் எழுதி வைத்தேன். பரீட்சையில் அது வராது. இருந்தும் பிள்ளைகளை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.