இறால் வந்த வழி



வரலாறு என்றவுடன் கோட்டையும் கொத்தளமும், முடியும் படையும் உங்கள் நினைவுக்கு வருகின்றன. பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் பிறந்த எனக்கும் அப்படித்தான் கற்பித்தார்கள். 1781-ல் ஐதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் எங்கள் ஊர்ப்புறத்தில் நிகழ்ந்த போரைப் பற்றி நானே முப்பதாண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, விரல் நீளமேயுள்ள முதுகு வளைந்த ஓர் உயிரைப் பற்றியது. இறாலைத்தான் சொல்கிறேன். என் பாட்டியின் சட்டியிலிருந்து என் பேத்தியின் தட்டு வரையில் அது வந்து சேர்ந்த வழியும் வரலாறுதான்.

எங்கள் ஊரருகே வெள்ளாறு கடலில் கலக்கிறது. தெற்கே கொள்ளிடம். இரண்டுக்கும் இடையில் பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளும், அவற்றினூடே பின்னிக் கிடக்கும் உப்பங்கழிகளும் உள்ளன. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயரைத் தந்த மரமும் அக்காட்டு மரமே. அக்கழிகளில் இருளர் குலத்து ஆடவரும் பெண்டிரும் சேற்று நீரில் தவழ்ந்து சென்று, இரு கைகளாலும் அடியைத் துழாவி இறால் பிடிப்பர். பிடித்ததைப் போட வேண்டிய பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பர். கைகள் இரண்டும் வேலையில் இருக்கும்போது வேறு வழி ஏது?

1960-களின் இறுதியில், நான் தொடக்கப்பள்ளி மாணவனாக இருந்த நாளில், அந்த இறால் கூடைக்காரி தலையில் எங்கள் தெருவுக்கு வரும். நாங்கள் ஆயா என்று அழைத்த என் தந்தையைப் பெற்ற பாட்டி, ஒரு படி நெல்லைக் கொடுத்து முறம் நிறைய வாங்குவார். பிறகு வீடே திண்ணையில் கூடிவிடும். ஓடு நீக்குபவர் ஒருவர், குடல் நரம்பை உருவுபவர் ஒருவர், பூனையை விரட்டுபவன் நான். மஞ்சள் தடவி, கத்தரிக்காயும் மாங்காயும் சேர்த்து ஆயா வைத்த குழம்பின் மணம் தெருமுனை வரை எட்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் மீன் வராத நாட்களுக்கென்று, வெயிலில் காய்ந்த சென்னாக்கூனி பானையில் இருக்கும். அன்று இறால் ஏழை வீட்டு உணவு. விருந்தினர்க்கு அதனைப் படைக்க ஆயா கூச்சப்படுவார் என்றால் உங்களால் நம்ப முடிகிறதா?

இப்பழக்கம் நேற்று வந்ததன்று. நற்றிணையில் ஒரு நெய்தல் காட்சி உண்டு. கழியில் பிடித்த இறால் குவியலைப் புன்னை நிழலின் முன்னே பரப்பிக் காயவிடுகின்றனர். சுருண்ட அந்த இறால் புலவர்க்கு முற்றாத மஞ்சள் கிழங்கு போலத் தோன்றியது. அடுப்பங்கரையும் கடற்கரையும் நன்கு அறிந்தவருக்கே இவ்வுவமை வாய்க்கும் என்பது என் எண்ணம்.

இறால் கழிக்கு ஏன் வருகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தாய் இறால் கடலில்தான் முட்டையிடுகிறது, அதுவும் இலட்சக்கணக்கில். முட்டையினின்று வெளிப்படும் நுண்ணுயிர்கள் நீரோட்டத்தில் மிதந்து, பல உருமாற்றங்கள் அடைந்து, ஓதத்தோடு ஆற்றுமுகத்துக்குள் நுழைகின்றன. சுரபுன்னை வேர்களுக்கிடையே சில திங்கள் உண்டு வளர்ந்தபின், மீண்டும் கடலுக்குத் திரும்புகின்றன. ஆகவே கழி என்பது இறாலின் தொட்டில். கழியைக் கெடுத்தால் கடலிலும் இறால் குறையும்.

இனி வரலாற்றின் திருப்பத்துக்கு வருவோம். அது நம் கரையில் தொடங்கவில்லை. மேலைக் கரையில், கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரையில் தொடங்கியது. 1952-ல் இந்தியாவும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் அவையும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. மீனவர் வாழ்வை உயர்த்துவதும், உள்ளூர் மக்களுக்கு நல்ல மீனுணவு கிடைக்கச் செய்வதும் அதன் நோக்கம். அதுவரை கேரளக் கரையில் இறாலை வேகவைத்து உலர்த்திப் பர்மாவுக்கு அனுப்பினர். மிஞ்சியதைத் தென்னைக்கு உரமாகவும் இட்டனர். 1953-ல் கொச்சியிலிருந்து உறையவைத்த இறால் அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. அவ்வளவுதான், கணக்கு மாறிவிட்டது. உள்ளூர் வயிற்றுக்கென்று வந்த விசைப்படகு, வெளியூர்த் தட்டுக்காக இழுவலை இழுக்கலாயிற்று. பின்னர் ஜப்பானும் பெருவாரியாக வாங்கியது. இத்திட்டத்தைத் தீட்டியவர்கள் தீயவர்கள் அல்லர். உறையவைக்கும் பொறி இத்துணை விரைவாக விலையை மாற்றும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த அலை எங்கள் ஊரை அடைந்தது நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தபோது. கரையில் பனிக்கட்டிப் பெட்டிகளோடு வியாபாரிகள் காத்திருந்தனர். ஒரு பவுண்டுக்கு எத்தனை இறால் நிற்கும் என்பதே தரம். எண்ணிக்கை குறையக் குறைய விலை ஏறும். தலையைக் கிள்ளி எறிந்து உடலை மட்டுமே எடுத்துக்கொள்வர். எஞ்சிய தலைகளைப் பிடித்தவர் வீட்டார் கொண்டுபோய்க் குழம்பு வைத்தனர். எங்கள் தெருவுக்குக் கூடை வருவது நின்றது. ஆயா சில நாள் வாயிலில் காத்திருந்துவிட்டு, மட்டிக்கும் நண்டுக்கும் மாறிக்கொண்டார். கடலிலோ, கட்டுமரக்காரரின் வலைகளை இழுவலைப் படகுகள் அறுக்கின்றன என்று பூசல்கள் எழுந்தன. 1983-ல் வந்த தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கலாகாது என்றது. 2001 முதல் ஆண்டுதோறும் 45 நாள் தடைக்காலமும் வந்தது. 2017-ல் அது 61 நாளாக நீண்டது.

அடுத்த மாற்றத்தை நான் ஆசிரியனாக நின்று கண்டேன். 1990-களின் தொடக்கத்தில் நான் பணியாற்றிய கடலோரப் பள்ளியைச் சுற்றி வயல்களை வெட்டி இறால் குளங்கள் அமைத்தனர். குளத்து உவர்நீர் மண்ணுக்குள் இறங்கியது. ஒரு கோடை விடுமுறை கழிந்து பள்ளி திறந்த அன்று, கைக்குழாயில் முதலில் வாய் வைத்த மாணவி முகத்தைச் சுளித்துத் துப்பினாள். நானும் குடித்துப் பார்த்தேன், உப்பு. அன்று முதல் பிள்ளைகள் சீசாவில் நீர் கொண்டு வந்தனர். வீட்டிலும் நல்ல நீர் இல்லாத பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளையின் சீசாவைப் பார்த்துக்கொண்டிருந்தனர். பண்ணையாரிடம் முறையிடச் சென்ற என்னை அவர் அன்போடு வரவேற்றுப் பொரித்த இறால் வைத்தார். என்னால் உண்ண முடியவில்லை.

காந்தியவழித் தொண்டர் எஸ். ஜெகந்நாதன் 1994-ல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். அதே காலத்தில் வெண்புள்ளி நோய் கீழைக்கரைப் பண்ணைகளில் புகுந்து இறால்களை மாய்த்தது. 1996 டிசம்பர் 11-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் அமைந்த பண்ணைகளை, மரபு முறையில் நடப்பன நீங்கலாக, அகற்ற வேண்டும் என்றும், கெடுத்தவரே ஈடு தர வேண்டும் என்றும் நீதிமன்றம் கூறியது. எனினும் 2005-ல் இயற்றப்பட்ட சட்டம், பதிவு பெற்று விதிகளுக்குட்பட்டுப் பண்ணை நடத்த இடமளித்தது. 2009-ல் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்குரிய வன்னாமை இறாலை வளர்க்கவும் இசைவு தரப்பட்டது. இன்று நம் நாட்டிலிருந்து ஏற்றுமதியாகும் இறாலில் பெரும்பங்கு அதுவே.

சென்னையில் வாழும் என் பேத்திக்கு இறால் என்றால் உயிர். ஓடும் தலையும் நீக்கிப் பையில் அடைத்து விற்கும் வன்னாமையே அவள் அறிந்த இறால். சென்ற விடுமுறையில் அவளை வெள்ளாற்று முகத்துக்கு அழைத்துச் சென்றேன். கரையோரம் ஒரு மூதாட்டி சிறிய கூடையோடு அமர்ந்திருந்தாள். "ஐயா, ஆத்து எறா, இப்பத்தான் புடிச்சது" என்றாள். கால் கிலோ வாங்கினேன். அதற்குக் கொடுத்த பணத்தை ஆயாவிடம் சொல்லியிருந்தால் என் அறிவை ஐயுற்றிருப்பார்.

வீட்டுக்கு வந்து முறத்தில் கொட்டியதும் பேத்தி பின்வாங்கினாள். "தாத்தா, இதற்கு இவ்வளவு நீள மீசை இருக்கிறதே!" என்றாள். பிறகு துணிந்து ஒன்றை எடுத்து, எப்படி உரிப்பது என்று கேட்டாள். நான் காட்டினேன். என் மனைவி மஞ்சள் தடவி, தலைகளை எறியாமல் குழம்பில் இட்டாள். பேத்தி உடலை உண்டுவிட்டுத் தலைகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினாள். அவற்றை நான் எடுத்துக்கொண்டேன்.