சாமி வேஷம் கட்டாத நடிகரும் தேனி வாக்காளர்களும்

1962 சட்டமன்றத் தேர்தலில் காஞ்சிபுரத்தில் தி.மு.க. தலைவர் அண்ணாவே தோற்றுப்போனார். அதே தேர்தலில் தேனி தொகுதி, தி.மு.க. சார்பில் நின்ற ஒரு சினிமா நடிகரை ஜெயிக்கவைத்தது. சேடபட்டிக்காரரான எஸ்.எஸ். ராஜேந்திரன்தான் அவர். மக்கள் ஓட்டுப் போட்டு இந்தியாவில் சட்டமன்றத்துக்கு அனுப்பிய முதல் திரைப்பட நடிகர் இவர்தான் என்பார்கள்.

டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் தேறி, ‘பராசக்தி’யில் (1952) கவனம் பெற்றவர். புராணப் படத்துக்கு அன்று நல்ல கிராக்கி. 1956இல் திருப்பதி போய்வந்த சிவாஜி கணேசன், தி.மு.க.வினரின் வசவுக்கு ஆளாகி அக்கட்சியிலிருந்து விலகினார். 1958இல் ‘சம்பூர்ண ராமாயண’த்தில் பரதனானார், 1965இல் ‘திருவிளையாட’லில் சிவபெருமானாகவே வந்தார். எஸ்.எஸ்.ஆர். பகுத்தறிவுக் கொள்கையைச் சொல்லிப் புராண வேஷங்களை மறுத்தார். ‘இலட்சிய நடிகர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. ‘தெய்வப்பிறவி’, ‘கை கொடுத்த தெய்வம்’ படங்களில் நடித்தவர்தான். தலைப்பில் தெய்வம் இருந்தால் பாதகமில்லை போலும்!

ஓட்டுப் போட்டவர்கள் நாத்திகர்கள் அல்லர். சித்திரை பிறந்தால் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலுக்குக் கிளம்புகிற பூமி இது. முல்லையாற்றில் முங்கி எழுந்து, மஞ்சள் துணி சொட்டச் சொட்ட, வேப்பிலைக்கு நடுவே கனலும் தீச்சட்டியைக் கையில் ஏந்தி நடப்பார்கள். சனிக்கிழமையானால் குச்சனூர் சனீஸ்வரனுக்கு எள் தீபம்.

கொள்கை ஒன்றுக்காகவே ஜெயித்தார் என்றால் அது மிகை. ஊர்ப் பாசம், சாதிக் கணக்கு, திரைக் கவர்ச்சி எல்லாம் கூடியிருக்கும். அவர் கட்சியும் அதற்குள் பெரியாரின் கடவுள் மறுப்பிலிருந்து நகர்ந்து, திருமூலர் சொன்ன ஒரே தேவனை ஏற்றிருந்தது. ஆனாலும் சாமி வேஷம் கட்டமாட்டேன் என்றது, தீச்சட்டி எடுக்கும் ஊரில் அவருக்குத் தடையாகவில்லை.

கடவுள் பயம் இல்லாதவனுக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. நேர்த்திக்கடன் தவறினால் சாமி குத்தம் என்ற பயம் பக்தனைப் பிடித்து நிறுத்தும். எஸ்.எஸ்.ஆர். வாக்கு மாறியிருந்தால் எந்தச் சாமியும் கண்ணைக் குத்தியிருக்காது; படவாய்ப்பும் பணமும்தான் கூடியிருக்கும். தொழிலில் நஷ்டப்பட்டுக் காத்த சொல்லுக்கு ஒழுக்கம் என்று பெயர் வைக்கத் தயங்க வேண்டியதில்லை.

பிறகு அவர் அ.தி.மு.க.வுக்குப் போனார். அங்கே தலைவர் எம்.ஜி.ஆர்., கொல்லூர் மூகாம்பிகை பக்தர். 1980இல் அந்தக் கட்சி எஸ்.எஸ்.ஆரை ஆண்டிபட்டியில் நிறுத்தியது. தேனிக்குப் பக்கத்துத் தொகுதியான அதுவும் அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது.