கருங்கோலும் சாத்திய கதவும்: காமன்ஸ் அவைச் சடங்கு ஒன்றின் வரலாற்றுப் பின்னணி

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கூட்டத்தொடரின் தொடக்க நாளன்று அரசர் பிரபுக்கள் அவையில் அரியணையமர்ந்து, காமன்ஸ் அவையினரை அழைத்துவரக் கருங்கோலரை (பிளாக் ராட்) அனுப்புவார். அவர் அணுகியதும் காமன்ஸ் அவையின் கதவு அவர் முகத்தெதிரே சாத்தப்படும். தம் கருங்காலிக் கோலால் மும்முறை தட்டிய பின்னரே அவருக்கு வழி கிடைக்கும்.

தமிழ் மரபில் செங்கோலும் கொடுங்கோலும் ஆட்சியின் தன்மையைச் சுட்டுவன. கருங்கோலோ குறுந்தொகையில் குறிஞ்சிச் செடியின் கரிய கொம்பைக் குறித்து நிற்கிறது. ஆங்கிலேயர் வழக்கிலும் நிறம் பற்றி எழுந்த பெயரே இது. 14ஆம் நூற்றாண்டில் கார்ட்டர் வீரர் குழாத்தின் வாயிற்காவலராகத் தோன்றியவரே இவ்வலுவலர்.

இச்சடங்கு 1642 சனவரி 4ஆம் நாள் நிகழ்ச்சியின் நினைவென்பது பெருவழக்கு. அன்று முதலாம் சார்லஸ் ஐந்து உறுப்பினரைக் கைதுசெய்யப் படைவீரருடன் காமன்ஸ் அவைக்கு வந்தார். ஆயின் அன்று கதவு மூடப்படவில்லை. அரசருடன் வந்த ரோக்ஸ்பரோ பிரபு அதனைத் திறந்தே பிடித்திருந்தார். வெளியே நின்ற வீரர்கள் உறுப்பினர் கண்ணிற்படவேண்டும் என்பதே நோக்கம். வந்தவரும் கருங்கோலர் அல்லர், அரசரே. எனவே சடங்கின் வடிவம் இந்நிகழ்ச்சியோடு பொருந்தவில்லை.

மூடிய கதவையும் கருங்கோலரையும் ஒருங்கே காண 1629 மார்ச் 2ஆம் நாளுக்குச் செல்லவேண்டும். அரசாணைப்படி அவையை ஒத்திவைக்க எழுந்த அவைத்தலைவர் ஜான் ஃபின்ச்சை டென்சில் ஹோலிசும் பெஞ்சமின் வாலன்டைனும் இருக்கையிலேயே பிடித்து அமர்த்தினர். மைல்ஸ் ஹோபர்ட் கதவைப் பூட்டித் திறவுகோலைத் தம்மிடம் வைத்துக்கொண்டார். அரசரின் செய்தியுடன் வந்த கருங்கோலர் மேக்ஸ்வெல் தட்டியும் உள்ளே விடப்படவில்லை. பூட்டிய கதவுக்குள் சமயப் புதுமைகளையும் நாடாளுமன்ற இசைவற்ற சுங்கவரியையும் கண்டிக்கும் தீர்மானங்களை ஹோலிஸ் படிக்க, அவை ஆரவாரத்துடன் ஏற்றது. அதன்பின் 1640 வரை நாடாளுமன்றம் கூட்டப்படவேயில்லை. எதிர்ப்புக்குத் தலைமை தாங்கிய ஜான் எலியட் 1632இல் லண்டன் கோபுரச் சிறையிலேயே இறந்தார்.

இருநிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்குகையில் அவைத்தலைவர் நிலையில் நேர்ந்த மாற்றம் புலனாகிறது. ஃபின்ச் கண்ணீருடன், தாம் அரசரின் ஊழியருமாவதைச் சுட்டி விடுவிக்க வேண்டினார். 1642இல் வில்லியம் லென்தால் அரசர்முன் மண்டியிட்டார். ஆயினும் அவை பணித்தாலன்றித் தமக்குக் காணக் கண்ணும் பேச நாவும் இல்லை என மறுமொழி கூறினார். அரசர் அன்று தேடிய ஐவருள் ஹோலிசும் ஒருவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது.

1629ஆம் ஆண்டு நிகழ்ச்சியே சடங்கின் மூலம் என நிறுவுவது எம் நோக்கமன்று; இடைப்பட்ட தொடர்ச்சிக்குத் தனிச்சான்று வேண்டும். ஆயினும் மக்கள் நினைவு 1642ஐத் தேர்ந்ததன் காரணம் உய்த்துணரத்தக்கதே. முன்னது அவையின் தோல்வியில் முடிந்தது. பின்னதிலோ அரசர் வெறுங்கையுடன் திரும்பினார். அதன்பின் எந்த அரசரும் அவ்வவைக்குள் நுழைந்ததில்லை.

கருங்கோல் பட்டுக் கதவில் விழுந்துள்ள தழும்புகளைப் பழமையின் எச்சமாகக் கருதுவதும் பொருந்தாது. சார்லஸ் நுழைந்த புனித ஸ்டீபன் ஆலயக் கூடம் 1834இல் தீக்கிரையானது. பின்னர் எழுந்த அவைமண்டபம் 1941 மே மாதக் குண்டுவீச்சில் அழிய, இன்றுள்ளது 1950இல் திறக்கப்பட்டது. 2018இல் இப்பதவியேற்ற முதற்பெண் சாரா கிளார்க் 2019ஆம் ஆண்டுத் தொடக்கவிழாவில் தட்டியதும் இப்புதுக்கதவையே.