இசைத்தட்டும் முன்பெருக்கியும்

பிழைப்பை நாடி வெளி மாநிலங்களுக்குச் சென்ற தமிழர்கள் பெட்டி படுக்கையோடு இசைத்தட்டுக்களையும் சுமந்து சென்ற காலம் ஒன்று உண்டு. கொல்கத்தாவில் நம் இல்லத்தில் அவ்வாறு வந்தவற்றுள் இரண்டு எஞ்சியிருக்கின்றன. ஒன்று, 1963-ல் வெளிவந்த எம். எஸ். சுப்புலக்ஷ்மியின் வேங்கடேச சுப்ரபாதம், எல்.பி. தட்டு. மற்றொன்று, 1956-ல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி. நிமிஷத்திற்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டு. இவற்றைக் கேட்கும் பொருட்டு நாமே ஒரு முன்பெருக்கியைச் செய்யப் புகுந்தோம். செய்த பின்னரே அதன் சரித்திரம் நமக்குப் புலனாயிற்று.

காந்தத்தால் இயங்கும் பிக்கப் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய ஒரு வோல்ட்டில் இருநூற்றில் ஒரு பங்கே. அதைப் பெருக்கினால் மட்டும் போதாது. தாழ்ந்த சுரங்களை உள்ளபடியே வெட்டினால் ஊசியின் பாதை அகன்று அடுத்த பள்ளத்தில் மோதிவிடும். ஆகவே வெட்டும்போதே அவற்றைக் குறைத்துவிடுகின்றனர். மேல் சுரங்களையோ மிகுத்து வெட்டுகின்றனர். கேட்கும்போது அவற்றைத் தணித்தால் தட்டின் இரைச்சலும் உடன் தணியும். முன்பெருக்கி இவ்விரண்டையும் நேர்மாறாகச் செய்து பாட்டை மீட்க வேண்டும்.

எவ்வளவு குறைப்பது, எவ்வளவு மிகுப்பது? இதிலேதான் சரித்திரம் புகுகிறது. 1902-ல் கய்ஸ்பர்க் என்பார் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவு செய்தபோது, பாடகியின் முன்னே இருந்தது வெறும் குழல். மின்சாரம் இல்லை, ஆதலால் இக்கேள்வியும் இல்லை. 1925-ல் மின்முறைப் பதிவு வந்தது. கேள்வியும் உடன் வந்தது. அதற்குக் கம்பெனிக்கு ஒரு விடை! 1948-ல் கொலம்பியா கம்பெனி நியூயார்க்கில் எல்.பி. தட்டை வெளியிட்ட பிறகும் இக்குழப்பம் நீடித்தது. 1954-ல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலினரின் சங்கம் ஒரே அளவை வகுத்தது. சங்கத்தின் பெயராலேயே அது ஆர்.ஐ.ஏ.ஏ. எனப்படுகிறது. ஆயிரம் அதிர்வுக்குரிய சுரத்தை நடுவாகக் கொண்டால், 20 அதிர்வுக்குரியதை ஏறக்குறையப் பத்து மடங்கு உயர்த்த வேண்டும். 20,000 அதிர்வுக்குரியதைப் பத்தில் ஒன்றாகத் தாழ்த்த வேண்டும். இம்மூன்று காலவளவுகளே அதன் உயிர்: 3180, 318, 75 மைக்ரோ விநாடி.

சாந்தினி மார்க்கெட்டில் 5532 என்னும் எண்ணுள்ள ஐ.ஸி. ஒன்றும், 118 கிலோ ஓமுக்காக 100-ம் 18-ம், ஒரு 10 கிலோ ஓமும், 27 நானோ கண்டென்ஸரும், 7.5 நானோவுக்காக 6.8-ம் 0.68-ம் வாங்கினோம். கூட்டிக் கழித்துப் பார்த்தால் இவை அவ்வளவுகளுக்குச் சரியாகப் பொருந்தும். ஆயினும் முதல் நாள் சுப்ரபாதம் கம்பளிக்குள்ளிருந்து ஒலித்தது. ஒரு வாரம் தேடினோம். கண்டென்ஸரின் முதுகில் 682 என்று இருக்க வேண்டிய இடத்தில் 683 என்று இருந்தது. அதாவது பத்து மடங்கு. கடைக்காரரைக் குறை கூற வழியில்லை. கண்ணாடி அணியாமல் பற்றவைத்தவர் நாமே.

அடுத்தது ஓயாத ரீங்காரம். பெருக்கியின் நுழைவாயிலை ஒரு கம்பியால் இணைத்து மூடினோம், ரீங்காரம் நின்றது. எனவே மின்சாரம் ஊட்டும் பகுதி குற்றமற்றது என்று தெரிந்தது. தட்டுச் சுழற்றியினுள்ளே கையின் உலோகம் சமிக்ஞைக் கம்பியின் உறையோடு ஓரிடத்திலும், தனி எர்த்துக் கம்பியால் மற்றோரிடத்திலும் இணைந்திருந்தது. இரு வழிகளும் சேர்ந்து ஒரு வளையம்! முன்னதை அறுத்தோம், அமைதி பிறந்தது. (வீட்டு மின்சாரத்தின் எர்த்தில் கைவைக்கவில்லை. அது உயிர் காப்பது.)

எஞ்சியது தோடி. அரக்குத் தட்டுக்கு ஊசிமுனை பெரிதாக, அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு இருக்க வேண்டும். அதையும் வாங்கி மாட்டினோம். நாதசுரம் மங்கியும், தவில் குமுறியும் கேட்டன. இளமையில் இதே தட்டைச் சாவி கொடுக்கும் கிராமபோனில் கேட்டவர் நம் பெரியப்பா. "தட்டு தேய்ந்துவிட்டதப்பா, தூர எறி" என்றார். நாமும் அதைப் பழைய சாமான் வாங்குபவரிடம் கொடுக்கும் மூட்டையில் வைத்துவிட்டோம்.

அன்றிரவுதான் உறைத்தது. ஆர்.ஐ.ஏ.ஏ. பிறந்ததற்கு முந்தைய முறையில் வெட்டிய தட்டு அதற்கு எப்படிக் கட்டுப்படும்? அக்காலத்து 78 தட்டுக்கள் பலவற்றில் மேல் சுரங்களை மிகுக்கும் வழக்கமே இல்லை. நம் பெட்டியோ 10,000 அதிர்வில் அவற்றை ஐந்தில் ஒரு பங்காக்கிக்கொண்டிருந்தது. தாழ்ந்த சுரங்களை 500 அதிர்விலிருந்தே உயர்த்தியது. தட்டுக்கு வேண்டியது சுமார் 250-லிருந்துதான். தேய்ந்தது தட்டன்று. நாம் அதன் காலத்தைப் பிழையாகக் கணித்திருந்தோம்.

ஒரு ஸ்விட்சு வைத்தோம். அதைத் திருப்பினால் 7.5 நானோ துண்டிக்கப்படும். 10 கிலோ ஓமுக்குப் பதில் 30 கிலோ ஓம் சேரும். மூட்டையிலிருந்து தட்டை மீட்டு ஊசியை வைத்தோம். அரக்கின் இரைச்சல் முன்னினும் மிகுந்து சீறியது. அதனூடே சீவாளியின் உயிர்ப்பு வந்தது. பெரியப்பா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். பள்ளங்கள் குறுகும் கடைசி அரை நிமிஷத்தில் மட்டும் ஒலி உடைகிறது. எந்தக் கண்டென்ஸராலும் அது சரியாகவில்லை.