பரணில் கிடக்கும் பழைய சூப்பர் 8 புரொஜெக்டர்: ஆன் பண்றதுக்கு முன்னாடி என்ன செய்யணும்?

1960, 70-களில் கையடக்க கேமராவில் எடுத்த கல்யாணம், பிறந்தநாள் காட்சிகள் சில வீடுகளில் இன்னும் ஃபிலிம் சுருளாகவே இருக்கின்றன. அதை ஓட்டும் புரொஜெக்டரும் பக்கத்திலேயே தூசி படிந்து கிடக்கும். 'ஓடுதான்னு பார்ப்போமே' என்று நேராக பிளக்கை மாட்டி, ஃபிலிமையும் கோர்த்துவிடுவதுதான் ஆபத்து.

ஏன் இவ்வளவு கவனம்?

ஸ்டாண்டர்டு 8 ஃபிலிமை 1932-லும், சூப்பர் 8 ஃபிலிமை 1965-லும் அறிமுகம் செய்தது கோடக் நிறுவனம். வீடுகளில் எடுத்தவை பெரும்பாலும் ரிவர்சல் வகை. அதாவது, கேமராவில் ஓடிய அதே ஃபிலிம்தான் கழுவி நம் கைக்கு வரும். நெகட்டிவ் கிடையாது. கிழிந்தாலோ கருகினாலோ மறுபடி பிரின்ட் போட வழியில்லை.

சூப்பர் 8 மௌனப்படம் விநாடிக்கு 18 ஃபிரேம் ஓடும். சின்ன கொக்கி ஒன்று ஃபிலிமின் துளையில் மாட்டி, ஒவ்வொரு ஃபிரேமாக இழுத்து பல்ப் வெளிச்சத்துக்கு முன்னால் நிறுத்தும். இயந்திரம் நடுவில் சிக்கிக்கொண்டால், ஒரே ஃபிரேம் மேல் சூடு இறங்கி அந்த இடம் கருகும்.

முதல் எதிரி பழைய கிரீஸ்

பல வருஷம் ஓடாமல் இருந்தால் உள்ளே உள்ள கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிவிடும். அந்த நிலையில் ஓட்டினால் மோட்டார் முனகும், பிளாஸ்டிக் பல்சக்கரம் உடையலாம். அதன் மேலேயே புது எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை. முதலில் சுத்தம், அப்புறம்தான் எண்ணெய்.

எப்படிச் செய்வது?

1. பிளக்கைக் கழற்றிவிட்டு மூடியைத் திறங்க. ஒவ்வொரு ஸ்க்ரூவைக் கழற்றும்போதும் மொபைலில் போட்டோ எடுத்து வைங்க.

2. கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்க. இறுகியிருந்தால் பலம் போட்டுத் திருப்ப வேண்டாம்.

3. பழைய கிரீஸை மூங்கில் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பட்ஸால் துடைங்க.

4. சுழலும் தண்டுகளின் புஷ்களுக்கு தையல் மெஷின் எண்ணெய் ஒவ்வொரு சொட்டு போதும். ஊசி முனையில் தொட்டு வைக்கலாம். உள்ளே எண்ணெய் உறிஞ்சும் ஃபெல்ட் துண்டு இருந்தால் அதற்கும் சில சொட்டு விடுங்க. வழிவதைத் துடைத்துவிடுங்க.

5. பல்சக்கரங்களுக்கு, பிளாஸ்டிக்கைக் கெடுக்காத சிந்தெடிக் கிரீஸ் மெல்லிய பூச்சாக இருந்தால் போதும்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் பிசினாகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் வேண்டாம். அது ரப்பர் மீதும் லென்ஸ் மீதும் தெறிக்கும், மசகாகவும் நீடித்து நிற்காது.

எண்ணெய் படவே கூடாத இடங்கள்

பெல்ட், ரப்பர் உருளை, ஃபிலிம் போகும் பாதை. ரப்பரில் எண்ணெய் பட்டால் வழுக்கும், ஃபிலிமில் பட்டால் கறை விழும். பழைய பெல்ட் சில சமயம் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். அதைச் சுத்தமாக எடுத்துவிட்டு அதே அளவில் புதுசு போடணும்.

ஃபிலிம் நிற்கும் 'கேட்' பகுதியில் ஒட்டிய அழுக்கு, சுருள் முழுக்கக் கோடு கிழித்துவிடும். மென்மையான பிரஷ், மூங்கில் குச்சி போதும். பிளேடு, ஸ்க்ரூடிரைவர் கூடாது. ஹாலஜன் பல்ப் என்றால் கண்ணாடியை விரலால் தொடாமல் துணியால் பிடிங்க.

கரண்ட் விஷயம்

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின் 110-120 வோல்ட்டில் ஓடும். நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் எரிந்துவிடும். பின்பக்கத் தகட்டைப் படித்துப் பார்த்து, தேவைப்பட்டால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்க. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். அந்தப் பகுதியை எலக்ட்ரீசியனிடம் விட்டுவிடுவது நல்லது.

குடும்பப் படத்தை எப்போது போடலாம்?

முதலில் ஃபிலிம் இல்லாமல் பத்து நிமிஷம் ஓடட்டும். கருகும் வாசனை, கீச்சு சத்தம் வந்தால் நிறுத்திடுங்க. பிறகு வேண்டாத ஃபிலிம் துண்டை ஓட்டி, கீறல் விழுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்க. ஸ்டாண்டர்டு 8, சூப்பர் 8 இரண்டின் துளைகளும் வேறு வேறு அளவு. உங்க மெஷின் எதற்கானது என்பதையும் பார்த்துக்கோங்க.

கடைசியாக, சுருளை முகர்ந்து பாருங்க. வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். சுருங்கிய ஃபிலிமின் துளைகள் கொக்கியோடு பொருந்தாமல் கிழியும். அதை ஓட்டாமல், பல்சக்கரம் இல்லாத ஸ்கேனரில் டிஜிட்டலாக மாற்றுவதே பாதுகாப்பு. 50 அடி சூப்பர் 8 சுருளில் இருப்பது சுமார் 3 நிமிடம் 20 விநாடி காட்சிதான். ஆனால் அந்த வீட்டுக்கு அது ஒரே ஒரு பிரதி.