யாஸ்னயா பொல்யானா: விற்ற வீடும் எஞ்சிய மனையும்

மாஸ்கோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவில், தூலா நகரையடுத்து அமைந்துள்ளது யாஸ்னயா பொல்யானா. லியோ டால்ஸ்டாய் 1828இல் பிறந்த பண்ணை இது. அவருடைய தாய்வழிப் பாட்டனார் நிக்கொலாய் வொல்கோன்ஸ்கி, நுழைவாயில் கோபுரங்களையும் மரநிழற் சாலையையும் குளங்களையும் கொண்டதாக இதனை உருவாக்கினார். நடுவே பெரிய மாளிகை. இருபுறமும் இரண்டு சிறு மனைகள்.

அந்த மாளிகை இன்று அங்கு இல்லை. அழித்தது போருமன்று, புரட்சியுமன்று. படைப்பணியிலிருந்த இளம் டால்ஸ்டாயே 1854இல் அதனை விற்கச் செய்தார். வாங்கியவர் பிரித்தெடுத்துக்கொண்டு போனார். கிடைத்த பணமோ சீட்டாட்டத்தில் கரைந்தது. பிற்காலத்தில், ஒரு லார்ச் மரத்தின் உச்சியைக் காட்டித் தாம் பிறந்த அறை அந்த உயரத்தில் இருந்தது என்று பிள்ளைகளிடம் கூறுவாராம். அவர் பிறந்த தோல் சோபா மட்டும் தப்பியது.

எஞ்சிய சிறு மனைகளுள் ஒன்று, விரிவுபடுத்தப்பட்டு அவருடைய இல்லமாயிற்று. 'போரும் அமைதியும்', 'அன்னா கரீனினா' ஆகியவை உருவான இடம் அதுவே. அதன் கீழ்த்தளத்தில் வளைவுக் கூரையுடைய அறையொன்று உண்டு. பாட்டனார் காலத்துப் பண்டசாலையான அதன் கூரையில் பொருள்களைத் தொங்கவிடும் இரும்பு வளையங்களை இன்றும் காணலாம். பேரிலக்கியம் பிறப்பதற்குப் பெருமாளிகை தேவைப்படவில்லை போலும்! மற்றொரு மனையில் 1859 முதல் குடியானவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடந்தது.

தமிழர்க்கும் இப்பண்ணையோடு ஒரு தொடர்புண்டு. தாரகநாத் தாஸுக்கு 1908 டிசம்பரில் இங்கிருந்து எழுதிய 'ஓர் இந்துவுக்குக் கடிதம்' என்னும் மடலில், திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரக் கருத்துகளை டால்ஸ்டாய் எடுத்தாண்டார். அதனைக் காந்தியடிகள் குஜராத்தியில் பெயர்த்தார்.

1910 அக்டோபர் இறுதியில் (பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி), விடியுமுன் வீட்டைவிட்டு வெளியேறிய முதியவர், அஸ்தாப்போவோ இரயில் நிலையத்தில் இறந்தார். உடல் பண்ணைக்கே திரும்பியது. மனிதர் அனைவரையும் இன்புறச் செய்யும் இரகசியம் எழுதிய பச்சைக்குச்சி காட்டில் புதைந்துள்ளது என்று அண்ணன் நிக்கொலாய் இளமையில் கதை சொல்லியிருந்தார். அவ்விடத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.

1921இல் பண்ணை அரசு அருங்காட்சியகமாயிற்று. 1941இல் ஜெர்மானியப் படை ஏறத்தாழ ஒன்றரை மாதம் தங்கியது. அரும்பொருள்களிற் பெரும்பகுதி அதற்கு முன்பே தொலைதூரத் தோம்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டிருந்தது. வெளியேறும்போது படையினர் இல்லத்துக்குத் தீயிட்டனர். பணியாளர் போராடி அணைத்தனர். கல்லறையருகே புதைக்கப்பட்ட ஜெர்மானிய வீரர்களின் உடல்கள் பின்னர் அகற்றப்பட்டன. டால்ஸ்டாயின் கல்லறை மீது சிலுவையுமில்லை, பெயர்ப்பலகையுமில்லை. புல் போர்த்திய மண்மேடு மட்டுமே. பெரிய மாளிகை நின்ற இடத்திலோ அதனைக் குறிக்க ஒரு கல் நடப்பட்டிருக்கிறது.