தேடுவோரும் தேடற் கருவியும்: நிகண்டு முதல் மின்னகராதி வரை

1. முன்னுரை

ஒரே சொல்லைத் தேடுவோர் அனைவரும் ஒன்றையே வேண்டுவதில்லை. பாப்புனைவோர்க்கு எதுகையும், பயில்வோர்க்குப் பொருளும், மொழிபெயர்ப்பாளர்க்கு நிகர்ச்சொற்களும் வேண்டப்படுகின்றன. எனவே, ஒவ்வொரு தேடற் கருவியும் தன்னைக் கையாள்வோர் இன்னார் என்னும் ஓர் எடுகோளின்மீதே அமைகிறது. தமிழ்ச் சொற்றொகுப்பு வரலாற்றில் இவ்வெடுகோள் மாறிவந்த முறையினையும், அதனுள் அடங்காது விடுபட்டோரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. நிகண்டு மரபு

திவாகரம் பன்னிரண்டு தொகுதிகளை உடையது. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் எனப் பொருள்வகையால் அது சொற்களைத் தொகுக்கிறது. நிகண்டுகள் செய்யுளில் அமைந்தமைக்கு அவற்றை மனனம் செய்யும் கல்விமுறையே காரணம். மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, ஒருசொற் பல்பொருட் பெயர்களை எதுகை முறையில் நிரல்படுத்தியது. மனனம் செய்தவர்க்கு அந்த ஓசையொப்புமையே தேடற் குறிப்பாகப் பயன்பட்டது. மனனம் செய்யாதவர்க்கோ அந்நூலினுள் நுழைய வழியில்லை. 1594இல் சிதம்பர ரேவணசித்தர் இயற்றிய அகராதி நிகண்டு, சொற்களை முதலெழுத்து வரிசையில் வைத்து இந்நிலையை ஓரளவு மாற்றியது.

3. சதுரகராதி

1732இல் வீரமாமுனிவர் தொகுத்த சதுரகராதி இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை எனலாம். அதன் நான்கு பகுதிகளும் நான்கு வகைத் தேவைகளுக்கு உரியன. சொல்லை அறிந்து பொருளை நாடுவோர்க்குப் பெயரகராதி. பொருளை அறிந்து சொல்லை நாடுவோர்க்குப் பொருளகராதி. முக்கனி, நாற்படை போன்ற தொகைகளின் விரிவை நாடுவோர்க்குத் தொகையகராதி. எதுகைச் சொற்களை நாடுவோர்க்குத் தொடையகராதி. சான்றாக, 'மா' என்பதன் பல பொருள்களை அறிய விழைபவர் முதற் பகுதிக்கும், யானையைக் குறிக்கும் பல சொற்களை அறிய விழைபவர் இரண்டாம் பகுதிக்கும் செல்வர். நிகண்டின் பயன்களை இழக்காமலே அகர வரிசையின் எளிமையும் இதனால் பெறப்பட்டது. தமிழைப் பிறமொழியாளராகக் கற்ற ஒருவர், பயில்வோரின் இடர்ப்பாட்டையும் புலவரின் தேவையையும் ஒருங்கே அறிந்திருந்தமை இங்குக் கருதத்தக்கது.

4. அச்சுக் காலம்

அச்சுக் காலத்தில் பெயரகராதியின் நெறியே மேலோங்கியது. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியும், 1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகனும் சொல்லிலிருந்து பொருளுக்குச் செல்லும் ஒரு வழியையே முதன்மையாகக் கொண்டன. அவ்வழியிற் செல்வதற்கும் இலக்கண அறிவு வேண்டும். 'வந்தான்' என்னும் வடிவைக் காண்பவர், அதன் அடி 'வா' என முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். 1992இல் வெளிவந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' வினையடியுடன் எச்ச வடிவங்களையும் தந்தது. எனினும், தேடலின் தொடக்கம் அடிச்சொல்லாகவே நீடித்தது.

5. பெங்களூர்ச் சூழல்

ஒவ்வொரு வாசகர்க்கும் அவர்க்குரிய நூல் கிடைத்தல் வேண்டும் என்பதை 1931இல் நூலகவியல் விதிகளுள் ஒன்றாக வகுத்தவர் சீர்காழியிற் பிறந்த சீ.இரா. அரங்கநாதன். ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தை அவர் 1962இல் நிறுவிய நகரம் பெங்களூர். அவ்விதியைச் சொல் தேடலுக்கும் பொருத்திக் காண அந்நகரின் காக்ஸ் டவுன் தக்க களமாகும்.

முன்னாள் தண்டுப் பகுதியைச் சார்ந்த இவ்விடத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ் பேசியும், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ மட்டும் எழுதக் கற்றவர்க்குத் தமிழ் செவிவழி மொழியாகும். அவர் சொல்லை அறிவார், எழுத்தை அறியார். ழகர, ளகர வேறுபாடு அவர் பேச்சில் மறைந்திருப்பின், அகர வரிசை அவர்க்குப் பயன்படாது. உரோமன் எழுத்தில் தேடினும், ஒரே சொல்லைப் பலர் பலவாறு எழுதுவர். ஒரே வடிவை ஏற்கும் மின்னகராதி, 'அச்சொல் இல்லை' என விடையளிக்கும். தம் தாய்மொழிச் சொல்லே தவறானது என அவர் எண்ண அவ்விடை இடமளிக்கிறது.

6. முடிவுரை

பிழை ஈண்டுத் தேடுபவரிடம் இல்லை. கருவியின் எடுகோளில் உள்ளது. ஒரே சொற்களஞ்சியத்திற்குப் பல வழிகள் அமைக்கலாம் என்பதைச் சதுரகராதி ஏட்டுச்சுவடிக் காலத்திலேயே காட்டியது. ஒலியாலும், பேச்சு வடிவாலும், பொருளாலும், பிறமொழி எழுத்தாலும் தேட வழிசெய்தல் இன்றைய கணினிக்கு இயலாத செயலன்று. அகராதியாளர், உள்ளீட்டுச் சொற்களைத் தொகுக்கும் முன்னரே தேடுவோர் யாவர் என வரையறுத்துக்கொள்வது அதற்கு முதற்படியாகும்.